ஏரியைச் சுற்ற நாற்பத்திரண்டு நிமிடம்

ரான்ஃபர்லி, ஒட்டாகோ
1 மே 1977

அன்புள்ள தம்பி மெர்வின்,

நானும் உன் அத்தான் ஹெக்டரும் சுகம். ஆடுகளும் சுகம்; அவற்றைப் பற்றி எழுதாவிட்டால் ஹெக்டர் கடிதத்தைத் தபாலில் போட மாட்டார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

நேற்று எங்கள் ஓட்டக் கிளப்பில் குளிர்கால ஓட்டங்கள் தொடங்கின. முதல் ஓட்டத்துக்கு முப்பத்தொரு பேர். வழக்கம்போல எல்லாரும் உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தவர்கள் போல மூச்சிரைத்து வந்து, சீஸ் ரோல் தட்டைக் கண்டதும் உயிர் பெற்றார்கள். எனக்கு அறுபத்தொன்று. இன்னும் ஓடுகிறேன், கடைசிக்கு முந்தின ஆளாக.

போன செப்டம்பரில் உனக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நீயே எனக்கு எழுதினாய். "குளிருன்னு அடுப்புகிட்ட உக்காந்தீங்கன்னா, அடுத்த வலிக்கு நான் தேவைப்பட மாட்டேன்" என்றாராம். அப்பா போனது ஐம்பத்தெட்டு வயதில். உனக்கு இப்போது அதே வயது. நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

ஆகவே ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் புறப்படுவோம். அங்கே பல்லாரட்டில் அப்போது பன்னிரண்டு. அதே நிமிடத்தில் நீயும் புறப்படு. உன் ஏரியை ஒரு சுற்று சுற்றி, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுது. மற்ற நாள்களில் உன் இஷ்டம். செப்டம்பர் பத்தாம் தேதி கடைசி ஓட்டத்துக்கு நேரில் வா. பதினொரு வருடம் ஆயிற்று நீ இந்த மண்ணை மிதித்து.

உன் நேரங்களை நான் நோட்டில் ஏற்றுவேன். கடைசி ஓட்டத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து சேர, மெதுவானவர்களில் யாரை எத்தனை நிமிடம் முன்னால் விடுவது என்று பதினெட்டு வருடமாக நான்தானே கணக்குப் போடுகிறேன். உனக்கும் போடுவேன்.

உன் அக்கா,
ஐல்சா

*

பல்லாரட்
12 மே 1977

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரைகளை வேளைக்குப் போடுகிறேன். ஹெக்டருக்கும் அவருடைய ஆடுகளுக்கும் என் வணக்கம்.

உன் ஏற்பாடு சரி. போன சனிக்கிழமை பன்னிரண்டுக்குப் புறப்பட்டேன். ஏரிச் சுற்று நாற்பத்திரண்டு நிமிடம் பத்து விநாடி. ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், நடக்காமல் இருந்தேன். மழைத் தூறல். பாதி தூரத்துக்கு மேல் நீ ரான்ஃபர்லியில் சேற்றில் வழுக்குவாய் என்று நினைத்தபோது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

செப்டம்பருக்கு வரத்தான் பார்க்கிறேன். தெல்மா நலம். உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
மெர்வின்

*

ரான்ஃபர்லி
29 மே 1977

அன்புள்ள மெர்வின்,

எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் இடது முழங்கால் முணுமுணுக்கிறது. நான் காது கொடுப்பதில்லை.

நாற்பத்திரண்டு பத்து. மோசமில்லை. நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் போட்டாயிற்று.

தெல்மா அன்பைச் சொன்னாளா? உங்கள் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் எனக்குச் சொன்னது கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும், அதுவும் அச்சடித்தது. அவளுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? கோபிக்காதே. உன்னைக் கடல் தாண்டிக் கூட்டிப் போனவள் என்று ஒரு கோபம் எனக்கு. அது இப்போது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கிளப்பில் தேநீர் போடும் கோரலை உனக்குத் தெரியும். அவள் புருஷன் ஸ்டானுக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது. இரண்டு வருடம் அவளே பார்த்தாள். இந்த மாதம் டனீடனில் ஒரு பராமரிப்பு விடுதியில் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். நான் சொன்னேன்: "பாதி உசுரு இருக்கிறவருக்காக முழு உசுரு இருக்கிறவ சாகக் கூடாது, கோரல். நீ செஞ்சதுதான் சரி." கொஞ்சம் கடுமைதான். ஆனால் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

வாராவாரம் நேரத்தை எழுது. சேர்த்து வைத்து எழுதாதே.

அக்கா ஐல்சா

*

பல்லாரட்
16 ஜூன் 1977

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

மே 14: நாற்பத்திரண்டு ஐந்து. 21: நாற்பத்திரண்டு பத்து. 28: நாற்பத்திரண்டு. ஜூன் 4: நாற்பத்திரண்டு பத்து. 11: நாற்பத்திரண்டு ஐந்து.

கோரல் விஷயம் படித்தேன். இங்கே மழை விடவில்லை.

மெர்வின்

*

ரான்ஃபர்லி
3 ஜூலை 1977

அன்புள்ள தம்பி,

நீ சுகமென்றால் நானும் சுகம். உன் கடிதத்தைவிட மளிகைக் கடைச் சீட்டில் அதிகம் எழுதியிருக்கும்.

நேற்றுக் காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. முள்வேலிக் கம்பி விரல் தடிமனுக்கு வெள்ளையாகிவிட்டது. ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் உறைந்த அணைக்கட்டு நீரின்மேல் வழுக்குக் கல் தள்ளி விளையாடப் போய்விட்டார்கள். ஹெக்டர் அவர்களுக்குத் தலைவர். ஓட வந்தது பதினொரு பேர். என் கண்ணிமையில் ஐஸ் கட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஓடினேன். கோரல் கேட்டாள், "என்னடி ஐல்சா, யாருக்குக் கண்ணடிக்கிறே?" அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது!

புதன்கிழமை உனக்கு டிரங்க் கால் போட்டேன். தெல்மா எடுத்தாள். நான் ஐல்சா பேசுகிறேன் என்றதற்கு, "டிராம் ஆபீஸா? வண்டி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நக்கலுக்கும் ஓர் அளவு உண்டு. மூன்று நிமிடத்துக்குக் காசு கட்டிவிட்டு முப்பது விநாடி பேசினேன். அவளிடம் ஒன்றும் கேட்காதே. வீட்டில் சண்டை வேண்டாம்.

செப்டம்பருக்கு டிக்கெட் வாங்கிவிட்டாயா? மேல் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். அவளும் வரட்டும். நான் ஒழுங்காக நடந்துகொள்வேன், சத்தியம்.

ஐல்சா

*

பல்லாரட்
20 ஜூலை 1977

அன்புள்ள அக்கா,

நலமே. உன் கண்ணிமை உருகியதா?

தெல்மா உன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். நக்கல் இல்லை. மன்னித்துக்கொள்.

ஜூன் 18 முதல் ஜூலை 9 வரை எல்லாம் நாற்பத்திரண்டு, ஐந்து பத்து விநாடி முன்பின். போன சனிக்கிழமை பெரிய காற்று. பக்கத்து வீட்டு டெஸ்ஸின் கோழிக் கூண்டுக் கூரை பறந்து எங்கள் தோட்டத்தில் விழுந்தது. ஏரிக்கரையில் மூன்று மரம் சாய்ந்துவிட்டது என்றார்கள். எனக்கு நாற்பத்திரண்டு சரியாக.

டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மெர்வின்

*

ரான்ஃபர்லி
31 ஜூலை 1977

மெர்வின்,

நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

பதினெட்டு வருடமாக மற்றவர்களின் நேரங்களை எழுதிவருகிறேன். ஓடுகிறவனின் நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காற்றடித்தால் இரண்டு நிமிடம் கூடும், சளி பிடித்தால் மூன்று. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் ஒரு நிமிடம் குறையும். உன் பக்கத்தைப் பார். தூறலில் நாற்பத்திரண்டு, மழையில் நாற்பத்திரண்டு. மரம் சாய்கிற காற்றில், சாய்ந்த மரத்தைத் தாண்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு! "சாய்ந்துவிட்டது என்றார்கள்" என்று எழுதுகிறாய். ஏரியைச் சுற்றியவனுக்கு இன்னொருவர் வந்து சொல்ல வேண்டுமா?

நீ ஓடவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எண்கள் எழுதி அனுப்புகிறாய்.

கடைசி ஓட்டத்துக்கு உனக்கு இருபத்திரண்டு நிமிடம் சலுகை போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கும் முன்னால் நீதான் புறப்படுவாய், தனியாக. ஓடவே ஓடாதவனுக்கு நான் கொடுப்பது அதுதான். கிளப் பலகையில் ஒட்டியும் விட்டேன். 

பொய் சொன்னதற்காகக் கோபமில்லை. அப்பாவைப் போல நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதற்குத்தான் கோபம்.

ஐல்சா

*

ரான்ஃபர்லி
21 ஆகஸ்ட் 1977

அன்புள்ள தம்பி,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. பலகையிலிருந்து அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். நேற்று ஓடும்போது உன் ஞாபகமாகவே இருந்து வழி தப்பி, ஆட்டுப் பட்டிக்குள் போய் நின்றேன்.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. சுகமா என்று ஒரு வரி போதும்.

அக்கா

*

பல்லாரட்
24 ஆகஸ்ட் 1977

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். பாதி சரி. நான் ஏரியைச் சுற்றவில்லை. ஏப்ரலிலிருந்து ஒரு நாளும் இல்லை. ஆனால் ஓடினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டேன். எங்கள் பின்தோட்டத்தில், துணி காயப்போடும் கம்பத்தைச் சுற்றி. நூற்று முப்பத்திரண்டு சுற்று ஓர் ஏரி. நான்கு பக்கமும் வேலி, காற்று வராது, மேடு இல்லை. அதனால்தான் எல்லாம் நாற்பத்திரண்டு.

தெல்மாவுக்கு நினைவு போய்விட்டது, அக்கா. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஏப்ரலில் நான் ஏரிக்குப் போயிருந்த நாற்பது நிமிடத்தில் அவள் வெளியே போய், ஸ்டர்ட் தெருவில் கொட்டும் மழையில் டிராமுக்காக நின்றிருக்கிறாள். டிராம் நின்று போய் ஆறு வருடம். போலீஸ்காரர் கூட்டிவந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. அன்றைக்கே வாசல் கேட்டுக்குச் சங்கிலி போட்டுவிட்டேன். நீ போன் செய்தபோது அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வண்டி எப்போது வரும் என்று கேட்டாள்.

நான் ஓடும்போது பின்படியில் போர்வையோடு உட்கார வைப்பேன். சுற்றுக்கு ஒன்றாகத் துணிக் கிளிப்பை வாளியில் போடச் சொல்வேன். சில நாள் போடுவாள், சில நாள் வாளியிலிருந்து எடுத்துக் கம்பியில் மாட்டுவாள். நான் மனத்துக்குள் எண்ணிக்கொள்வேன். புல் போய் வட்டமாகச் சேறு. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து டெஸ் கேட்கிறாள்: "என்ன மெர்வ், தங்கம் தோண்டுறியா? இந்த ஊர்ல தங்கம் எடுத்ததெல்லாம் அந்தக் காலம், நூறு வருஷம் லேட்டு!" என்ன காரணம் என்று அவளுக்கும் நான் சொல்லவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? தனக்குப் புரிந்திருந்த காலத்தில் தெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லாத மெர்வ், என்னைக் கொண்டுபோய் எங்கயும் விட்டுறாத" என்றாள். சத்தியம் செய்தேன். இருந்தாலும் ஜூன் மாதம் உனக்கு எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அன்றைக்குத்தான் கோரலைப் பற்றி நீ எழுதியது வந்தது. பாதி உயிர், முழு உயிர் என்று. பேனாவை வைத்துவிட்டேன்.

அவள் அன்பைச் சொல்லச் சொன்னாள் என்று எழுதியது மட்டும் சுத்தப் பொய்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நான் விழுந்தால் கேட் பூட்டியிருக்கிறது. உள்ளே அவள் மட்டும். அதற்காகத்தான் ஓடுகிறேன், வேறு எதற்கும் இல்லை. செப்டம்பருக்கு வர முடியாது.

மெர்வின்

*

ரான்ஃபர்லி
1 செப்டம்பர் 1977

என் அருமைத் தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கோரலிடம் போனேன். நான் அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "நீ சொன்னது எனக்கு அன்னிக்குத் தேவையா இருந்துச்சு. எல்லாருக்கும் அதே செருப்பு பொருந்தாது" என்றாள். எனக்கு அறுபத்தொரு வயது. இதை நானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை எட்டாம் தேதி வருகிறேன். மறுக்க உனக்கு நேரமில்லை. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நான் வந்துவிடுவேன். ஒரு வாரம் இருப்பேன். விடுதி பற்றி வாயே திறக்க மாட்டேன். தெல்மாவுக்கு என்னைத் தெரியாது என்பது ஒருவகையில் நல்லதுதான். பழசை எல்லாம் விட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நீ கேட்டைத் தாண்டிப் போகிறாய். இது வேண்டுகோள் இல்லை.

உன் அக்கா

*

பல்லாரட்
19 செப்டம்பர் 1977

அன்புள்ள அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? முழங்கால் எப்படி? நீ போனதும் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

உன் எதிரில் சொல்லியிருந்தால் "போடா" என்றிருப்பாய், அதனால் எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்றபோது எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஐந்து மாதம் இடது பக்கமே திரும்பிப் பழகிய கால். மூலைவரை போய்விட்டு வீட்டுக்கே ஓடிவந்தேன். நீ கதவைத் திறந்து, "என்னடா, செத்தா போயிட்டோம்? ஓடு!" என்று துரத்தியிராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் காற்று முகத்தில் அறைந்தது. அன்னங்கள் சீறின. பாதி வழியில் அழுதுவிட்டேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேரம் ஐம்பத்தோரு நிமிடம் இருபது விநாடி. நோட்டில் எழுதிக்கொள். இது நிஜம்.

நீ ஏற்பாடு செய்தபடி டெஸ் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள், சனிக்கிழமையும் சேர்த்து. தெல்மாவுக்கு அவளுடைய கோழிகளைப் பிடித்துப்போயிற்று. "இத்தனை நாளா வாயத் தெறக்காம என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று திட்டுகிறாள். 

ஒன்று கேட்க வேண்டும். அன்று நான் நனைந்து திரும்பியபோது நீயும் தெல்மாவும் ஜன்னலருகே சிரித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாய். உன் கண் சிவந்திருந்தது. என்ன பேசினீர்கள்?

உன் தம்பி,
மெர்வின்

*

ரான்ஃபர்லி
28 செப்டம்பர் 1977

அன்புள்ள தம்பி மெர்வின்,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஹெக்டரும் ஆடுகளும் நான் இல்லாமலே சமாளித்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடைசி ஓட்டத்துக்கு ஹெக்டரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன் அல்லவா? கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் மற்றவர்களைவிட ஒன்பது நிமிடம் முன்னால் வந்து, யாருமில்லாத கோட்டில் தானே கைதட்டிக்கொண்டாராம். அடுத்த வருடம் ஹெக்டர் ஆடு எண்ணினால் போதும்.

ஐம்பத்தொன்று இருபதை ஏற்றிவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது.

நீ கேட்டதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நானும் அழுவேன், நீயும் அழுவாய், டெஸ் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உன்னைத் துரத்திவிட்ட பிறகு தெல்மாவும் நானும் ஜன்னலருகே உட்கார்ந்தோம். தெருவில் நீ மறையும்வரை அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, ஊர் வம்பு சொல்கிற குரலில், "அந்தாளு இன்னிக்குத்தான் கேட்டைக் கண்டுபிடிச்சிருக்கான்" என்றாள்.

"எந்த ஆளு?"

"இப்பப் போறானே, அவன்தான். குளிர் பூரா இங்கயேதான் சுத்திக்கிட்டுக் கெடந்தான். மழைன்னு பார்க்கல, ஒண்ணும் பார்க்கல. பாவம், வழி தெரியல போலன்னு நெனச்சேன். சொல்லலாம்னு பார்த்தா நிக்கவே மாட்டேங்கிறான்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "வழி தெரியாம இல்ல தெல்மா. அவனுக்கு நல்லாத் தெரியும். உன்னை விட்டுட்டுப் போக மனசில்லாமத்தான் உள்ளயே சுத்தினான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். "எனக்காகவா?" என்றாள்.

"உனக்காகத்தான்."

"அப்ப நல்ல மனுஷன்தான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓடத்தான் வரல" என்றாள்.

அதற்குத்தான் இருவரும் சிரித்தோம். நீ உள்ளே வந்தபோது, உனக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தது அவள்தான். நீ கவனித்தாயா? நான் கொடுக்கச் சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் நேரத்தை எழுது. அவளுக்கு என் அன்பைச் சொல். யார் என்று கேட்டால், ஜன்னலருகே கூட உட்கார்ந்திருந்தவள் என்று சொல்.

உன் அக்கா,
ஐல்சா